தாம்பாளம் சொன்ன பொய்

உங்கள் பிள்ளைக்குக் காது கேட்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறது என்பீர்கள். தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறது என்பீர்கள். கட்டுமாவடியில் நூர்நிஷாவின் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். ஒருவர் இருவர் இல்லை, வீடே சொன்னது.

நூர்நிஷாவின் மகள் ரிஃபானா இப்போது ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள். காதின் பின்னால் ஒரு சின்னக் கருவி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டம். அதை மாட்டியதும் தொடங்குகிற பேச்சு கழற்றும்வரை ஓய்வதில்லை. டீச்சர் திட்டியது, பக்கத்துப் பெண் பென்சிலைக் கடித்தது, வேன் டிரைவருக்குத் தும்மல் வந்தது, எல்லாம் வீட்டுக்குள் வந்து விழும். துணி அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் நூர்நிஷாவின் கை சில நேரம் அப்படியே நின்றுவிடும். மகள் பேசாமல் இருந்த காலம் நினைவுக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்தை நினைத்தால் அழுகைதான் வர வேண்டும். அவளுக்கோ ஏக்கம் வருகிறது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

அப்போது அவர்கள் இருவருக்கும் மட்டும் ஒரு பாஷை இருந்தது. விரல்களைச் சேர்த்து நெளித்தால் மீன். தாடையைத் தடவினால் பாட்டனார். உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தால் அத்தா. ஏனென்றால் ரிஃபாவுக்கு அத்தா, அதாவது அப்பா, போனின் கண்ணாடிச் சதுரத்துக்குள் இருப்பவர். மீன் வலை உலர்த்தும் மணலில் தாயும் மகளும் உட்கார்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல், அன்று வந்த படகுகளைப் பற்றி அவ்வளவு பேசுவார்கள். பிள்ளையின் கை மேலெல்லாம் உப்பு. அதன் கண் ஒரு நொடிகூடத் தாயின் முகத்தை விட்டு விலகாது. இவ்வளவு பாசமான பிள்ளை உலகத்தில் உண்டா என்று நூர்நிஷா பூரித்துப் போவாள். அந்தப் பிள்ளைக்கு உலகத்தோடு இருந்த ஒரே கயிறு அந்த முகம்தான் என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

அவள் வாழ்க்கைப்பட்டது சொந்தத் தாய்மாமன் வீட்டில். மாமனார் ஜெய்னுலாப்தீன் கட்டுமாவடி ஏலக்கடையில் மீன் எடுப்பவர். அவர் குரல் கரையில் எழுந்தால் படகில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். மாமியார் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் நாத்தனார் பவுசியாதான் இந்த வீட்டுக்கும் மந்திரி. கணவன் ராஜா முகமதுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. மகள் பிறந்தபோது ஒரு முறை வந்து தூக்கிப் பார்த்துவிட்டுப் போனவன்.

பிறகு எல்லாம் வெள்ளிக்கிழமைதான். அவனுக்கு அங்கே விடுமுறை. இங்கே ஜும்மா முடிந்து, பிரியாணி இறங்கி, நடுக்கூடத்தில் பாய் விரித்து, தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைப்பார்கள். திரையில் ராஜா முகமதுவின் முகம் வரும். பிள்ளைகளிடம் பேசத் தெரிந்தவன் அவன். கண்ணை உருட்டுவான், நாக்கைத் துருத்துவான், தொப்பியை மூக்கில் இறக்குவான். ரிஃபா விழுந்து விழுந்து சிரிப்பாள். திரைக்கு முத்தம் கொடுத்து எச்சில் பண்ணுவாள்.

"பாருடி, அத்தா சத்தம் கேட்டதும் எப்படிச் சிரிக்கிறாள்னு!" என்பாள் பவுசியா.

சத்தம்! யாருமே சத்தத்தைச் சோதிக்கவில்லை. எல்லாரும் சிரிப்பைத்தான் பார்த்தார்கள்.

ரிஃபா உரிய காலத்தில் தவழ்ந்தாள், உரிய காலத்தில் நடந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. 'ங்கா' என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்ததும் மெல்ல நின்றுபோனது. அடுத்த தெருப் பிள்ளை "மாமா, மாமா" என்று வருகிறவர் போகிறவர் பின்னால் ஓடும்போது நூர்நிஷா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

"நான் அஞ்சு வயசுலதாம்மா பேசுனேன்" என்றார் ஜெய்னுலாப்தீன். "இப்ப ஏலக்கடையில என் வாயை அடக்க எவனாச்சும் இருக்கானா? நம்ம வம்சமே அப்படித்தான். லேட்டா ஆரம்பிச்சாலும் நிறுத்த மாட்டோம்."

வைத்தியம் நடக்காமல் இல்லை. வசம்பை உரசி நாக்கில் தடவினார்கள். தெருவில் கழுதையை ஓட்டி வந்தவரிடம் ஒரு சங்கு பால் கறந்து புகட்டினார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போனதுதான் மிச்சம். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வந்தது. கோடிவீட்டு இன்னாசியின் மனைவி வேளாங்கண்ணி எண்ணெய் கொண்டுவந்தாள். கடை வைத்திருக்கும் ஐயனார், குலசாமிக்கு மணி கட்டுவதாகத் தானாகவே நேர்ந்துகொண்டார். எல்லாரும் நல்லவர்கள். மூன்று மதமும் ஒன்றுசேர்ந்து அந்தக் குழந்தையின் நாக்குக்காக மன்றாடின. காதுக்குள் எட்டிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. போன் ரிப்பேர் என்றால் மந்திரிக்கப் போவோமா? கடைக்குத்தான் போவோம். பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

அங்கன்வாடியில் எடை போடும் நாள் வந்தது. கிராம சுகாதார செவிலியர் மணிமேகலை பிள்ளையை எடைபோட்டு, உயரம் அளந்து, கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறாளா?"

நூர்நிஷா வாயைத் திறப்பதற்குள் பவுசியா முந்திக்கொண்டாள். "ஏன் திரும்பாம? ஓடியே வருவா!"

"ரெண்டு வார்த்தையாச்சும் சொல்றாளா?"

"வீட்ல நல்லாப் பேசுவா நர்சம்மா. புது ஆளுகளைப் பாத்தா வெக்கம்."

அந்த ஊரில் மட்டுமா இது? வளர்ச்சியைப் பார்க்கும் நாளை நாம் எல்லாரும் பரீட்சை நாளாக்கி வைத்திருக்கிறோம். பிள்ளை பாஸாக வேண்டும். 'இல்லை' என்று ஒரு பதில் வந்துவிட்டால் மானம் போய்விடும். அதுவும் பெண்பிள்ளை என்றால் பத்து வயசுக்கு முன்னாலேயே கல்யாணக் கவலை வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைக்காகக் கேட்கப்படும் கேள்விக்குக் குடும்பம் தன் கௌரவத்துக்காகப் பதில் சொல்கிறது.

வீட்டுக்கு வந்தும் நூர்நிஷாவுக்கு மனம் ஆறவில்லை. "மாமா, ஒருவேளை காது..." என்று இழுத்தாள்.

ஜெய்னுலாப்தீன் பேச்சை வளர்க்கவில்லை. சமையல்கட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துவந்தார். தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த பேத்தியின் பின்னால் போய், தாம்பாளத்தைச் சிமெண்டுத் தரையில் படாரென்று அடித்தார். ரிஃபா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"பாத்தியா? பாம்புக் காது என் பேத்திக்கு!"

வீடு சிரித்தது. நூர்நிஷாவும் சிரித்தாள். அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மாதங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை, கடற்காற்று வேகமாக அடித்த மதியம். போனில் படம் வரவில்லை. திரை கறுப்பாக இருந்தது, குரல் மட்டும் வந்தது.

"ரிஃபா... செல்லம்... அத்தா வந்திருக்கேன்டா. எங்கடா இருக்கீங்க?"

ரிஃபா போனைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அத்தா அங்கேயும் இல்லை. குரல் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, போனைப் பாயில் வைத்துவிட்டு, எலும்புக்குக் காத்திருந்த பூனையிடம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"கோவம்! அத்தா மூஞ்சியைக் காட்டலைன்னு கோவம்!" என்று கைகொட்டினாள் பவுசியா.

நூர்நிஷா சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒலியைக் கூட்டினாள். "மச்சான், பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க" என்று சொல்லி, மகளின் பின்னால் முட்டிபோட்டு, போனை அவள் காதோரம் கொண்டுபோனாள்.

கடல் கடந்து ஒரு மனிதன் தன் மகளைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவளுக்கு வாங்கி வைத்திருக்கும் பொம்மையைச் சொன்னான், அது கண்ணை மூடித் திறக்கும் என்றான். ஒரு முத்தம் கொடுடா என்றான். காதிலிருந்து ஒரு விரல் தூரம். ரிஃபா பூனையின் வாலை நீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன நூரு, சத்தத்தையே காணோம்? பிள்ளை சிரிக்கிறாளா?"

நூர்நிஷா போனை மகளின் மறு காதுக்கு மாற்றிப் பிடித்தாள்.

மறுநாள் ஏலக்கடைக்கு மாமனார் போனதும் தாம்பாளத்தை எடுத்தாள். ரிஃபா பஞ்சுமெத்தை போட்ட கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நூர்நிஷா கதவுக்கு அங்கிட்டு நின்று, தாம்பாளத்தைத் தரையில் படாமல் உயர்த்திப் பிடித்துக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். பூனை ஓடியது. பக்கத்து வீட்டிலிருந்து "என்னடி அங்க?" என்று கேட்டார்கள். மகள் அசையவில்லை. பிறகு பிள்ளையை இறக்கித் தரையில் விட்டு, பின்னால் போய்த் தாம்பாளத்தைத் தரையில் அடித்தாள். மகள் திரும்பினாள்.

சத்தம் அவள் காதுக்குப் போகவில்லை. தரையின் அதிர்வு உடம்புக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான். ஒரு தாம்பாளத்தின் பொய்யை நம்பி ஒரு குழந்தையின் எத்தனை மாதங்கள் போய்விட்டன!

அன்று மதியமே நூர்நிஷா மணிமேகலையைத் தேடிப் போனாள்.

"போன தடவை நான் கேட்டேனேம்மா, கூப்பிட்டா திரும்புறாளான்னு?"

"கேட்டீங்க. எங்க மதினி சொன்னது தப்பு."

"நான் என்ன மார்க் போட்டு ஃபெயிலாக்கவா வாரேன்?" செவிலியருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு பிள்ளையைப் பார்த்ததும் தணிந்தார். "சரி விடு. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில காது பார்க்கற இடம் இருக்கு, சீட்டு எழுதித் தாரேன். தள்ளிப் போடாத. சின்ன வயசுல காதுல விழுந்தாத்தான் பேச்சு ஒட்டும். வயசு ஏற ஏறக் கஷ்டம்."

வீட்டில் அன்று பெரிய பஞ்சாயத்து. ஜெய்னுலாப்தீன் ஒரே வார்த்தையில் முடித்தார். "ராஜா லீவுக்கு வரட்டும்."

கட்டுமாவடியில் அந்த லீவுக்குத்தான் எல்லாம் காத்திருக்கும். வீட்டுக்கு நிலை வைப்பது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பது, பையனுக்குச் சுன்னத் செய்வது, பல் பிடுங்குவதுகூட. லீவோ கம்பெனிக்காரன் மனசு வைத்தால்தான் வரும். இந்த முறை அது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

"மாமா, காதுக்கு லீவு தெரியுமா?" என்றாள் நூர்நிஷா. இந்த வீட்டில் அவள் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

பவுசியா பாய்ந்து வந்தாள். "ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சு ஊரெல்லாம் தெரிஞ்சா, நாளைக்கு இந்தப் பொட்டப்புள்ளையை எவன்டி கட்டுவான்?"

"முதல்ல அத்தா குரலைக் கேக்கட்டும் மதினி. மாப்பிள்ளை குரலை அப்புறம் கேட்டுக்கலாம்."

ராஜா முகமதுவும் போனில் கெஞ்சினான். "நான் வந்துடுறேன் நூரு. ரெண்டு பேரும் சேர்ந்தே கூட்டிட்டுப் போவோம்."

"நீங்க வர்ற வரைக்கும் நான் காத்திருப்பேன் மச்சான். அவளால முடியாது."

"போ" என்றான். உடனே போனை வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை, முதல் பஸ்ஸுக்கு அவள் பிள்ளையோடு நின்றாள். மாமனாரிடம் சொல்லிக்கொண்டாள், அவர் முகம் கொடுக்கவில்லை. பஸ் கிளம்பும் நேரத்தில் முன்படியில் மீன் வாசம் ஏறியது. ஏலக்கடையில் இருக்க வேண்டிய ஜெய்னுலாப்தீன், தோளில் துண்டோடு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"எங்கிட்டு மாமா?"

"புதுக்கோட்டையில ஒரு சோலி." திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "எனக்கும் காது கொஞ்ச நாளா மந்தம். நம்மளும் காட்டிட்டு வருவோமேன்னு."

அறந்தாங்கியில் பஸ் மாறும்போது பிள்ளையை அவர்தான் தூக்கிக்கொண்டார். ரிஃபா அவர் தாடியை இழுத்து விளையாடிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதின் பின்னாலும் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். தூங்கும் பிள்ளையின் காதுக்குள் சத்தத்தை விட்டால் மூளைக்குப் போகிறதா என்று கருவி காட்டும். கோடுகள் மேலே எழவேயில்லை. இரண்டு காதும் கேட்கவில்லை. பிறவியிலிருந்தே.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தாய்மாமன் மகன்."

"நெருங்கின உறவுல கட்டினா இந்த மாதிரி வர்றதுக்கு வாய்ப்பு கூடுதல். உங்க தப்புன்னு சொல்லலை. அடுத்த பிள்ளைக்கு முன்னால வந்து பேசுங்க. பிறந்த உடனேயே காதைப் பார்த்துடலாம்."

அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்த மாமனார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சொத்து வெளியே போகக் கூடாது, பெண் வெளியே போகக் கூடாது என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் எந்த மதத்துக்கும் தனிச்சொத்தில்லை. மாவட்டம் முழுக்க அதைச் சீர் வரிசையோடு கொண்டாடுகிறோம். பில் மட்டும் பிள்ளைகளின் பேரில் வருகிறது.

வெளியே டீக்கடையில் ஜெய்னுலாப்தீன் டீயைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார்.

"நூரு, நான் அஞ்சு வயசுல பேசுனேன்னு சொல்வேன்ல?"

"ஆமா மாமா."

"எங்கம்மா சொன்னது ரெண்டு வயசுன்னுதான். ஏலக்கடையில சொல்றதுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு நான்தான் ஏத்திவிட்டேன்."

நூர்நிஷாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அழுகையானது. மாமனார் துண்டை எடுத்து நீட்டினார். மீன் வாசம் தாங்காமல் மறுபடியும் சிரித்தாள்.

முதலில் காதுக்கு வெளியே மாட்டும் கருவி கொடுத்துப் பார்த்தார்கள். அது போதவில்லை. பிறகு அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. காயம் ஆறி, கருவியை மாட்டிச் சத்தத்தைத் திறந்துவிட்ட அன்று, வீடியோக்களில் வருவதுபோல ரிஃபா சிரிக்கவில்லை. அலறினாள். அதைப் பிய்த்து எறிந்தாள். நிம்மதியாக இருந்த வீட்டுக்குள் யாரோ கல்லெறிந்ததுபோல அவளுக்கு இருந்திருக்கும். நூர்நிஷா எடுத்து எடுத்து மாட்டினாள்.

அதன்பிறகு வாரந்தோறும் பேச்சுப் பயிற்சிக்குப் பயணம். ஜன்னலோர சீட்டில் மகளை மடியில் வைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவாள். மாடு. புளியமரம். லாரி. கூட வருகிறவர்கள் முறைப்பார்கள். ஒரு கிழவர் மட்டும் அறந்தாங்கிவரை கூடவே சேர்ந்து "ஆமா, லாரி. பெரிய லாரி" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த பஸ் பயணங்கள் இப்போது இல்லை. அவற்றின் வெயிலும் டீசல் வாடையும்கூட நூர்நிஷாவுக்கு இனிப்பாக நினைவிருக்கின்றன.

மகளின் முதல் சொல் அம்மா இல்லை, அத்தாவும் இல்லை. "வா" என்றாள், பூனையைப் பார்த்து. பூனை திரும்பவில்லை. "இதுக்கும் ஒருக்கா டெஸ்ட் எடுத்துருவோமா?" என்றார் ஜெய்னுலாப்தீன்.

ராஜா முகமது லீவில் வந்தபோது மகள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து முதுகுப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல "அத்தா" என்றாள். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பேச்சு வளர வளரக் கைகள் ஓய்ந்தன. போன வாரம் மகளைக் குளிப்பாட்டக் கருவியைக் கழற்றி வைத்திருந்தபோது, நூர்நிஷா ஆசையாக விரல்களைச் சேர்த்து நெளித்துக் காட்டினாள். ரிஃபா புரியாமல் பார்த்தாள். "அம்மா, என்ன ஆட்டுறீங்க? மாட்டிவிட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள். ஒரு பாஷை அப்படி முடிந்துபோனது. அதைப் பேச உலகத்தில் இரண்டே பேர் இருந்தார்கள், இப்போது ஒருத்திதான். நூர்நிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். இழந்ததற்கு அவள் ஏங்கலாம், அது அவள் உரிமை. ஆனால் அந்த மௌனத்தைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது வந்தால் விளக்குமாற்றை எடுப்பாள்.

எடை போடும் நாட்களில் அங்கன்வாடிப் பக்கம் இப்போதும் அவள் போகிறாள். மணிமேகலை கேட்கக் கேட்க, இளம் தாய்மார்கள் பக்கத்தில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டே "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவார்கள். போன மாதம் ஒருத்தி அப்படி ஆட்டியபோது நூர்நிஷா அவள் தோளைத் தொட்டாள். "தெரியலைன்னு சொல்லுத்தா. தெரியலைன்னு சொன்னா ஒண்ணும் கொறைஞ்சிட மாட்டே." அந்தப் பெண் மாமியார் பக்கம் திரும்பாமல், "தெரியலை நர்சம்மா" என்றாள். அவள் பிள்ளையைப் பார்க்கச் சீட்டு எழுதப்பட்டது. பரிசோதனையில் காது நன்றாகவே இருந்தது. ஒரு நாள் பஸ் பயணம்தான் செலவு. அதற்கு ஈடாக அவள் இனி நிம்மதியாகத் தூங்குவாள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நடை பழகும் பிள்ளை இருந்தால், அடுத்த பரிசோதனை நாளில் கூடவே போங்கள். கேள்விக்குப் பிள்ளையைப் பதில் சொல்ல விடுங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லையா, திரும்பவில்லை என்று சொல்லுங்கள். பேச்சு வரவில்லையா, வரவில்லை என்று சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே சீட்டு எழுதி வாங்குங்கள். போகிற வழியில் எவராவது உங்களை மறித்து, 'எல்லாம் போகப் போகச் சரியாயிடும்' என்று சொன்னால், அவரையும் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போங்கள்.